கீமோவும் மரப்பட்டையிலிருந்து வந்ததுதான்

மார்பகப் புற்றுநோயை ஒரே மாதத்தில் கரைத்துவிடும் என்று முள்ளுச்சீத்தா இலைக் கஷாயத்தைப் புகழும் காணொளி ஒன்று கடந்த சில வாரங்களில் எனது வட்ஸ்அப்பிற்கு நான்கு தடவை வந்துவிட்டது. அனுப்பியவர்களில் ஒருவர் பட்டதாரி ஆசிரியர். நம்பியவர்களில் ஒருவர் எனக்குப் பெரியம்மா முறையானவர். மார்பில் கட்டி தட்டுப்பட்ட பின்னரும் ஏழு மாதங்கள் கஷாயத்துடன் இருந்துவிட்டு, கமக்கட்டிலும் கட்டி தெரிந்த பிறகுதான் வைத்தியசாலைக்குப் போனார்.

மூலிகை என்றாலே மூடநம்பிக்கை என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அது உண்மையுமல்ல. இன்று பெரியம்மாவின் கையில் சேலைனுடன் ஏறும் பக்லிடாக்சல் என்ற மருந்தே ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததுதான். 1962 இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலக் காட்டில் சேகரித்த பசுபிக் யூ மரத்தின் பட்டை அது. மன்றோ வோல், மன்சுக் வாணி ஆகியோர் அந்தச் சேர்வையைப் பிரித்தெடுத்து 1971 இல் அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். புற்றுக்கலம் பிரிந்து பெருகுவதை அது எப்படித் தடுக்கிறது என்பதை 1979 இல் சூசன் ஹோர்விட்ஸ் விளக்கினார். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்க அமெரிக்க அனுமதி கிடைத்தது 1994 இல். காட்டிலிருந்து கட்டிலுக்கு வர 32 ஆண்டுகள். நூறு வயது மரமொன்றின் பட்டையை முழுதாக உரித்தாலும் ஏறத்தாழ ஒரு தடவைக்குரிய மருந்தே தேறும் என்பதால், யூ இலைகளிலிருந்து எடுக்கும் மூலப்பொருளைக் கொண்டு தயாரிக்கும் வழியையும் தேடவேண்டியிருந்தது.

எங்கள் முற்றங்களில் பூக்கும் பட்டிப்பூவின் சேர்வைகளிலிருந்து உருவான வினோரெல்பின் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. அதற்காகப் பட்டிப்பூவை அவித்துக் குடித்தால் அது நஞ்சு.

காணொளிக்காரர்கள் மறைப்பது இந்த இடைத்தூரத்தைத்தான். மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுகூடத் தட்டில் புற்றுக்கலங்களைக் கொல்கிறது; ஆனால் விழுங்கினால் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். (தட்டிலுள்ள கலங்களைக் கடும் உப்புத்தண்ணீரும் கொல்லும்.) முள்ளுச்சீத்தாவை அதிகம் உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்க்கும் அதற்கும் தொடர்பிருக்கலாம் என்று கரீபியன் தீவான குவாதலூப்பிலிருந்து 1999 இலேயே எச்சரிக்கை வந்தது. அதை யாரும் எனக்கு அனுப்பவில்லை.

வழமையான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டும் நாடிய மார்பகப் புற்றுநோயாளர்களின் மரண அபாயம் ஐந்து மடங்கிற்கும் அதிகம் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது, நோய் உடலில் வேறிடங்களுக்குப் பரவுவதற்கு முன்னர் கண்டுபிடிக்கப்பட்டவர்களை. அதாவது காப்பாற்றியிருக்கக் கூடியவர்களை.

இலங்கைப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இதுதான். 35 வயதான பெண்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கிளினிக்குகளில் மார்பகப் பரிசோதனை இலவசம். பெரியம்மா ஒருநாளும் போனதில்லை. அப்படியொன்று இருப்பதே தெரியாது என்கிறார்.

மரப்பட்டைக் கதையைச் சொன்னபோது, "அப்ப இதுவும் மூலிகைதானே தம்பி" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, கஷாயத்தை இன்னும் நிறுத்தவில்லை என்றார். சில மூலிகைகள் கீமோ மருந்தின் அளவையே உடலில் மாற்றிவிடக்கூடும். வைத்தியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏச்சு விழும் என்ற பயத்தில் இதுவரை சொல்லவில்லை. வாட்டிலுள்ள மற்றவர்களும் அப்படித்தானாம். அடுத்த கிளினிக்கிற்கு அந்தப் போத்தலையும் கையோடு கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன்.