தரம் 10 மாணவரும் தொழில் வழங்குநரும்: எமது நிலைப்பாடு

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகள் தொழில் வழங்குநரைத் தேடிப்போவது பெரும்பாலும் பரிசளிப்பு விழாவுக்கு அனுசரணை வேண்டியும், உயர்தர மாணவருக்கான ஒருநாள் வழிகாட்டல் கருத்தரங்குக்குப் பேச்சாளர் வேண்டியும்தான். அதற்குள் காலம் பிந்திவிடுகிறது. பிள்ளையின் பாதை தீர்மானமாவது சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் நாட்களில். அப்போது கையில் இருப்பவை பெறுபேற்றுத் தாளும் வீட்டாரின் விருப்பமும் மட்டுமே. எனவே தரம் 10இலேயே ஒவ்வொரு மாணவரும் வேலைத்தலங்களை நேரில் பார்க்க வேண்டும்; வலயக் கல்விப் பணிமனைகள் இதைப் பாடசாலை நாட்காட்டியில் சேர்க்க வேண்டும் என்கிறோம்.

பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் உண்டு. இருந்தும் உயிரியல் என்றால் மருத்துவம், கணிதம் என்றால் பொறியியல் என்ற கணக்கை நாம் கைவிடவில்லை. மூன்றாம் தடவையும் எழுதி முடித்த பிறகே வேறு தொழில்களை விசாரிக்கிறோம். 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் வேலைத்தலப் பயிற்சியே ஓர் அங்கம். சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் சேரலாம் என்பதால், அதை ஏலாத பிள்ளைகளின் வகுப்பு என்று ஊர் ஒதுக்கிவிட்டது. இங்கிலாந்தில் 2012இல் வெளியான ஆய்வொன்றில், பள்ளிக்காலத்தில் நான்கு தடவையோ அதற்கு மேலோ தொழில் வழங்குநரைச் சந்தித்த இளைஞர்கள், அப்படிச் சந்திக்காதவர்களைவிட வேலையோ படிப்போ இன்றி இருப்பது மிகக் குறைவு எனத் தெரிந்தது. அச்சந்திப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒருநாள் கருத்தரங்கு போதும் என்று வாதிடவும் அதில் இடமில்லை.

‘காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் மூடிய பிறகு இங்கே எந்தப் பெரிய நிறுவனம் இருக்கிறது?’ என்று கேட்பார்கள். பெரிய ஆலை வேண்டியதில்லை. ஹைபிரிட் கார் திருத்தும் ஒரு கராச் போதும். மின்கலத் தொகுதியைக் கழற்றி, ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் அளந்து, பழுதானதை மட்டும் மாற்றுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, பௌதிகவியல் எங்கே பயன்படுகிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. போதனா வைத்தியசாலையின் ஆய்வுகூடம், மயிலிட்டித் துறைமுகம், அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை, நகரத்து மென்பொருள் நிறுவனங்கள் எல்லாம் எட்டிய தூரத்தில்தான் உள்ளன.

பிள்ளைகளைக் கூலியில்லா வேலையாட்களாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதனால் உற்பத்தி வேலை எதையும் அவர்களிடம் வாங்கக் கூடாது, ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளை நாமும் வலியுறுத்துகிறோம். பாடநேரம் வீணாகும் என்ற முறைப்பாட்டை அப்படி ஏற்க முடியவில்லை. ஞாயிறு காலையையும் ரியூசனுக்குக் கொடுத்துவிட்ட சமூகம், தவணைக்கு ஒருநாளை இதற்குக் கொடுக்கலாம். மெய்யான தடை போக்குவரத்துச் செலவு. தீவகப் பாடசாலைகளுக்கு அது இன்னும் கூட. ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த கட்டடத்துக்குச் சேர்க்கும் நிதியில் ஒரு பகுதியை இந்தப் பஸ் செலவுக்கு ஒதுக்க வேண்டும். இங்கே தொழில் நடத்தும் பழைய மாணவர்களிடம் நாம் பணம் கேட்கவில்லை. தவணைக்கு ஒருநாள் உங்கள் வேலைத்தலத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.