திரைச் சாகசமும் தெருச் சாகசமும்

நுழையும் முன்

மோட்டார் சைக்கிள் சாகசத்தைக் களமாகக் கொண்ட காணொளி விளையாட்டுகளை இளையோர் பலர் விரும்பி ஆடுகின்றனர். அவற்றை வரவேற்கலாமா, விலக்க வேண்டுமா? இவ்வினாவிற்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

மாணவன் ஒருவன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கிறான். திரையில் அவன் செலுத்தும் மோட்டார் சைக்கிள் செங்குத்தான சரிவில் ஏறுகிறது, பள்ளத்தைத் தாண்டுகிறது, மறுகரையில் இறங்கும்போது தடம் புரள்கிறது. ஓட்டி தலைகுப்புற வீழ்கிறான். மாணவன் ஒரு பொத்தானை அழுத்துகிறான். வீழ்ந்தவன் காயம் ஏதுமின்றி மீண்டும் வண்டியின் மேல் அமர்ந்திருக்கிறான். இதைக் காணும் பெற்றோர், "இவ்விளையாட்டால் என்ன பயன்?" என்று கேட்பது இயல்பே.

பயன் உண்டு என்பதே என் கருத்து. எனினும், அதனுள் ஒரு பொய்யும் உண்டு. இரண்டையும் பிரித்தறியக் கற்றல் வேண்டும்.

இவ்வகை விளையாட்டு புதியதன்று. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1984ஆம் ஆண்டிலேயே 'எக்ஸைட்பைக்' என்னும் விளையாட்டை வீட்டுக் கருவிக்காக வெளியிட்டது. அதனை வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. அதில் இடைவிடாது மிகுவேகத்தில் சென்றால் இயந்திரம் சூடேறி வண்டி நின்றுவிடும். எனவே, எப்போது விரைவது, எப்போது வேகத்தைக் குறைப்பது என ஆடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. தாமே தடங்களை அமைத்து, அவற்றில் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பும் அதில் இருந்தது.

பின்லாந்து நாட்டின் ரெட்லிங்க்ஸ் நிறுவனம் 2009ஆம் ஆண்டில் எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்காக 'டிரையல்ஸ் எச்டி' என்னும் விளையாட்டை உருவாக்கியது. முடுக்குதல், தடுத்தல், முன்சாய்தல், பின்சாய்தல் ஆகியவையே அதில் ஆடுவோர் செய்யத்தக்கவை. ஆயினும், அதனை வெல்வது எளிதன்று. மேட்டில் ஏறும்போது உடலை முன்னே சாய்க்காவிட்டால் வண்டி பின்புறமாகக் கவிழும். இறங்கும் சரிவிற்கு இணையாகச் சக்கரங்களை அமைக்காவிட்டால் ஓட்டி தூக்கி எறியப்படுவான். ஈர்ப்பு மையம், சமநிலை, உந்தம் என அறிவியல் பாடத்தில் படிப்பவற்றை மாணவர் விரல் நுனியில் உணர்கின்றனர்.

அவ்விளையாட்டு பொறுமையையும் கற்பிக்கிறது. ஒவ்வொரு வீழ்ச்சியும் ஒரு பிழையாக எண்ணப்படும். குறைந்த பிழையுடன் குறித்த நேரத்திற்குள் முடிப்பவரே உயர்ந்த பதக்கம் பெறுவர். நாற்பது முறை தோற்ற ஒரு தடத்தை நாற்பத்தோராம் முறை கடக்கும் மாணவன், தோல்வி என்பது திருத்திக்கொள்ளத்தக்க பிழையே என்பதைத் தானே கண்டறிகிறான். கணக்கிற்கும் இசைக்கும் உதவக்கூடிய இப்பண்பை நாம் இகழ்தல் தகாது.

இனி, அதன் பொய்யைக் காண்போம். திரையில் வீழ்பவனுக்கு வலி இல்லை; அவனை எண்ணிக் காத்திருக்கும் தாயும் இல்லை. 'டிரையல்ஸ் எச்டி' விளையாட்டின் ஒரு பகுதியில், ஓட்டியின் எலும்புகள் முறிவதே புள்ளியாகக் கணக்கிடப்படுகிறது. அதனை நகைச்சுவை என்று கொண்டாலும், வீழ்ச்சியைக் கண்டு நகைக்கப் பழகுவது நன்றன்று.

மெய்யான சாகசத்தின் விலை யாது? அமெரிக்கச் சாகச வீரர் ஈவல் கனீவல் 1967ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று லாஸ் வேகஸ் நகரில் ஒரு விடுதியின் நீரூற்றுகளை மோட்டார் சைக்கிளில் தாண்ட முயன்றார். இறங்கும் இடத்தில் வண்டி நிலைதடுமாற, அவர் தூக்கி வீசப்பட்டார். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கின. பயிற்சியும் துணிவும் நிறைந்த அவருக்கே இந்நிலை. தலைக்கவசம் அணிய வேண்டுமென வலியுறுத்தியவரும் அவரே.

காணொளி விளையாட்டு ஆடுவோர் அனைவரும் சாலையில் சாகசம் புரிவர் என்று கூறுவது பொருந்தாது. ஆனால், திரை தரும் துணிவு உடலறியாத் துணிவு. வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். இதனைத் திரையில் கண் மட்டுமே காணும். சாலையில் எலும்பு தாங்க வேண்டும். அங்கே மீண்டும் தொடங்கும் பொத்தான் இல்லை. வீழ்பவர் ஓட்டியாக மட்டும் இருப்பதில்லை. சாலையைக் கடக்கும் முதியவராகவும் இருக்கக்கூடும்.

நம் நாட்டுச் சட்டமும் இதனை உணர்ந்தே இயற்றப்பட்டுள்ளது. 18 வயது நிரம்பாதவர் கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டுதல் கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் தண்டமும் பெற நேரிடலாம்.

எனவே, இவ்விளையாட்டைத் தடை செய்வதால் நன்மை விளையும் என நான் கருதவில்லை. தடுக்கப்பட்டது மறைவிடத்தில் ஆடப்படும். மாறாக, பெற்றோர் அருகமர்ந்து ஆடட்டும், நேரத்திற்கு வரம்பு வகுக்கட்டும், "இவ்வாறு சாலையில் வீழ்ந்தால் என்ன நேரும்?" என்று ஒருமுறையேனும் கேட்கட்டும். மாணவர்களும் திரையிலிருந்து பொறுமையை எடுத்துக்கொண்டு, துணிச்சலைத் திரையிலேயே விட்டுவிட வேண்டும். விளையாட்டில் உயிர்கள் பல, வாழ்வில் ஒன்றே.

சிந்திக்க

1. காணொளி விளையாட்டால் விளையும் நன்மைகளாகக் கட்டுரையாளர் கூறுவன யாவை?
2. 'உடலறியாத் துணிவு' என்னும் தொடரின் பொருளை விளக்குக.
3. கட்டுரையாளரின் முடிவை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் கூறுக.