‘பார்’ மட்டும் பார்த்தால் போதுமா?



டிப்ளமோ முடிச்சு என்ன பண்ணப் போறேன்னு கேட்டா, நம்ம மெக்கானிக்கல் பசங்கள்ல ரெண்டு மூணு பேராவது, "ஊர்லயே ஒரு வாட்டர் சர்வீஸ் போட்டுடுவேன்டா" என்கிறார்கள். நல்ல யோசனைதான். கள்ளக்குறிச்சியைச் சுற்றி நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகிற வரை கழுவ வேண்டிய வண்டிக்குப் பஞ்சம் வராது. ஆனால் "என்ன மெஷின் வாங்குவே?" என்று அடுத்த கேள்வி கேட்டால், "நூத்தி முப்பது பார்டா!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் வருகிறது. அந்தப் பதிலோடுதான் எனக்குச் சண்டை.

சின்னசேலம் பக்கம் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் (பேர் வேண்டாமே) வீட்டு நகையை அடகு வைத்து அப்படி ஒரு மெஷின் வாங்கினார். கையில் தூக்கிக்கொண்டு போகலாம், பார்க்க அவ்வளவு அழகு. 130 பார் என்று கடைக்காரர் சொன்னதும் பொய்யில்லை, அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. பைக்குகளுக்கு அருமையாக வேலை செய்தது. நடவு சீசன் வந்தது. சேற்றுழவு முடித்த டிராக்டர் ஒன்று கேஜ் வீலோடும் ரோட்டவேட்டரோடும் வந்து நின்றது. அதில் காய்ந்து இறுகிய களிமண்! தண்ணீர் ஊசி மாதிரி பாய்ந்து களிமண்ணில் கோடு கிழித்ததே தவிர, கட்டி பெயர்ந்து விழவில்லை. ஒரு வண்டிக்கே ஒன்றேகால் மணி நேரம். "நான் ஆத்துலயே கழுவிக்கிறேன்பா" என்று சொல்லிவிட்டுப் போன டிரைவர் திரும்பி வரவில்லை. மூன்றாம் மாதம் கார்பன் பிரஷ் தேய்ந்தது, அப்புறம் ஆர்மெச்சரே புகைந்தது. விற்றவரைத் திட்டி என்ன பயன்? வீட்டு வாசலில் காரைக் கழுவ வந்த மெஷினை நாள் முழுக்க ஓட்டினால் அது என்ன செய்யும்!

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டைத் திறந்தாலே போதும். பரீட்சைக்கு மட்டும் படித்தது இங்கே சோறு போடும். பார் அளவை நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் என்பதால் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்குக் கிடைக்கிற பவர் கிலோவாட்டில் வரும். அண்ணன் மெஷின் 130 பார், 6 லிட்டர்: 1.3 கிலோவாட். ரோட்டோர சர்வீஸ் ஸ்டேஷன்களில் வி-பெல்ட் போட்டு ஓடுகிற மூன்று பிளஞ்சர் பம்ப்பை 30 பார், 30 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 1.5 கிலோவாட். பவரில் பெரிய வித்தியாசமே இல்லை! ஆனால் நாசிலிலிருந்து பாயும் தண்ணீரின் உந்துவிசையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவதில் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 160 மீட்டர், விசை ஒன்றரைக் கிலோ எடைக்குச் சற்று மேல். இரண்டாவதில் வேகம் 77 மீட்டர்தான், விசையோ கிட்டத்தட்ட நான்கு கிலோ. களிமண் கட்டியைத் தள்ளிக் கீழே போடுவது இந்த நான்கு கிலோ. அழுக்கின் பிடியை உடைக்க பிரஷர் வேண்டும், உடைந்ததை வாரிக்கொண்டு போக தண்ணீரின் அளவு வேண்டும். நம்ம ஊர் சேற்றுக்கு இரண்டாவதுதான் முக்கியம். இன்னொன்று, பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அதிகபட்ச பிரஷர். வேலை செய்யும்போது வருவது அதைவிடக் குறைவு. அதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.

அதற்காக உயர்ந்த பிரஷரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. சர்க்கரை ஆலை எவாப்பரேட்டரில் குழாய்களின் உள்சுவரில் கல் மாதிரி படிவம் கட்டும். அதை வாட்டர் ஜெட்டால் எடுக்க வேண்டுமென்றால் பல நூறு பார் வேண்டும், அதற்கென்று பழகிய ஆளும் வேண்டும். அங்கே போய் நம்ம 30 பார் பம்ப்பை நீட்டினால் சிரிப்பார்கள். ரைஸ் மில்லிலோ கதையே வேறு. தவிட்டுத் தூசிக்குத் தண்ணீர் பட்டால் கூழ்தான், அங்கே ஏர் கம்ப்ரஸரும் துடைப்பமும் போதும். லாரி சேஸிஸில் கிரீஸ் என்றால் பச்சைத் தண்ணீரை எத்தனை பாரில் அடித்தாலும் வழுக்கிக்கொண்டு ஓடும். சூடு வேண்டும், இல்லை கிரீஸைக் கரைக்கிற சோப்பு வேண்டும். ஜெர்மனியில் கார்ஷர் கம்பெனி சுடுதண்ணீர் பிரஷர் மெஷினை 1950-லேயே கொண்டுவந்துவிட்டது.

கல்லுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் பழைய கோயில்களில் திருப்பணி என்று சாண்ட் பிளாஸ்டிங் செய்து கல்வெட்டு எழுத்துகளையும் சிற்பங்களையும் தேய்த்ததற்கு எவ்வளவு எதிர்ப்பு எழுந்தது! நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில் வீரட்டேஸ்வரர் கோயில் சுவர் முழுக்கச் சோழர் காலத்து எழுத்து. "ஒரு நாள்ல பளபளன்னு ஆக்கித் தர்றேன் சாமி" என்று யாராவது பிரஷர் கன்னோடு கிளம்பினால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

மெஷினுக்கு அடுத்தது நாசில். கலர் வைத்தே அடையாளம் சொல்வார்கள்: சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. சிவப்பைப் பார்த்ததும் நம்ம பசங்களுக்குக் கை துறுதுறுக்கும். ரேடியேட்டர் தகடுகளை மடக்குவதும், வீல் பேரிங் சீலுக்குள் தண்ணீரை ஏற்றுவதும் இந்தச் சிவப்புதான். உயர்ந்த பிரஷரில் விரலில் பட்டால் சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும், ஆனால் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போயிருக்கும். வலி இல்லையே என்று பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு உட்காராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

கடன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தின் மூலமாக மானியத்தோடு கடன் கிடைக்கிற திட்டங்கள் இருக்கின்றன. டிப்ளமோ படித்தவர்களுக்கும் பொருந்துகிற நீட்ஸ் திட்டம் 2012-13-இல் வந்தது. எதற்குப் போனாலும் மெஷின் கொட்டேஷன் கேட்பார்கள். நம் ஆட்கள் அவசரத்தில் முதல் கடையில் வாங்கிய கொட்டேஷனை அப்படியே இணைத்துவிடுகிறார்கள். லோன் வந்ததும் அந்த மெஷின்தான் வந்து இறங்கும், ஐந்து வருஷம் அதற்குத்தான் தவணை கட்ட வேண்டும். ஆகவே கொட்டேஷனுக்கு முன்னால் ஒரு வாரம் உங்கள் ஊர் ரோட்டில் உட்கார்ந்து, டிராக்டர் எத்தனை, பைக் எத்தனை, லாரி எத்தனை என்று எழுதுங்கள். டிராக்டர்தான் அதிகம் என்றால் பெல்ட் டிரைவ் பிளஞ்சர் பம்ப்பும் மூன்று ஹெச்.பி. இண்டக்ஷன் மோட்டாரும். பைக்கும் காரும் மட்டும் என்றால் சின்ன மெஷினே சரி, அதிலும் இண்டக்ஷன் மோட்டார் உள்ளதாகக் கேளுங்கள். த்ரீ ஃபேஸ் கிடைக்குமா என்று ஈ.பி. ஆபீசில் முதலிலேயே விசாரியுங்கள். லோ வோல்டேஜில் சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை இழுத்து ஓட்டினால் காயில்தான் போகும்.

தண்ணீர்க் கணக்கும் உண்டு. நிமிஷத்துக்கு 30 லிட்டர் என்றால் இருபத்தைந்து நிமிஷத்துக்கு 750 லிட்டர். பத்து வண்டிக்கு 7,500. போர் அவ்வளவு கொடுக்குமா? கழுவிய தண்ணீரை மூன்று அறை தொட்டியில் விட்டால் முதல் அறையில் மண் படியும், அடுத்ததில் எண்ணெய் மிதக்கும். அடியில் வாய் வைத்த வளைகுழாய் வழியாக எடுத்தால் ஓரளவு தெளிந்த தண்ணீர் மூன்றாவது அறைக்கு வரும், முதல் கழுவலுக்கு அதையே திரும்ப அடிக்கலாம். செலவுக்குப் பயந்து அப்படியே வாய்க்காலில் விட்டால் அந்த எண்ணெய் கோமுகி பாசனத்து நெல்லுக்குத்தான் போய்ச் சேரும்.

கடைசியாக, கல்வராயன் மலை நண்பர்களுக்கு. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் ஜீப்பும் பிக்கப்பும் மரவள்ளி மூட்டையோடு செம்மண் சேற்றில் புரண்டு வருகின்றன. கழுவ வேண்டுமென்றால் ஏன் கச்சிராயபாளையம் இறங்க வேண்டும்? கரண்டை நம்ப முடியாத இடத்தில் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பம்ப்பே நல்லது. ஆனால் மூவாயிரம் அடி உயரத்தில் காற்று இளைத்துப் போவதால் எஞ்சின் பவரில் பத்தில் ஒரு பங்கு போய்விடும், அதற்குத் தகுந்தாற்போல் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். பம்ப் உறிஞ்சும் உயரமும் சுமார் ஒரு மீட்டர் குறையும். பிளஞ்சர் பம்ப்புக்கு உறிஞ்சுவது எப்போதுமே பிடிக்காத வேலை. ஓடையில் நேராக ஹோஸைப் போட்டால் இலையும் மணலும் வால்வில் சிக்கும், ‘கடகட’வென்று சத்தம் வரும், சீல் போய்விடும். ஓடைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, வலை ஃபில்டர் போட்டு, பம்ப்புக்கு மேலேயிருந்து தானாக இறங்கும்படி விடுங்கள். தொட்டியை மேட்டில் வைக்க மலையில் இடத்துக்கா பஞ்சம்!