நீவும் கைக்குப் படிப்பு வேண்டும்!

நடவு சீசனில் தஞ்சைப் பக்கம் இடுப்பு வலி இல்லாத வீடு உண்டா? எண்ணெய் போட்டு நீவிவிட ஆள் தேடுகிறார்கள். ஆனால், "அதையே தொழிலா படிக்கப் போறேன்" என்று பிள்ளை சொன்னால், "வேற வேலையே கிடைக்கலையா?" என்று சீறுகிறார்கள்!

இது கேவலமான தொழில் அல்ல. சித்த மருத்துவம் இதைத் 'தொக்கணம்' என்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல் என 9 வகை உண்டு.

விளையாட்டு வேலையும் அல்ல. சுளுக்கு என்று எலும்பு முறிவை நீவினால் வினை. காலில் ரத்தம் உறைந்தவரை அழுத்தினால், கட்டி நுரையீரலை அடைத்து உயிரே போகலாம்!

சில நாள் பயிற்சி என்று பணம் கறப்பவர்களை நம்ப வேண்டாம். சென்னை அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசின் நர்சிங் தெரபி டிப்ளமோ இருக்கிறது. டெல்டா பிள்ளைகளுக்குத் தஞ்சையிலும் அதை அரசு தொடங்கட்டும்!