ஏஐ-யிடம் கேளுங்கள், மாற்றச் சொல்லாதீர்கள்!

அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் படித்துப் புரிந்து கொள்ளும் வேலை நமக்கு எங்கே வரப் போகிறது என்று நீங்கள் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், எங்கள் குடியிருப்போர் சங்கக் கணக்கு என் கைக்கு வரும் வரை.

மொத்தம் 12 வீடுகள். பராமரிப்புக் கட்டணம், தண்ணீர் லாரி செலவு ஆகியவற்றை ஓர் எக்ஸெல் பைல் கணக்குப் போட்டு விடும். பட்டனில் கிளிக் செய்தால் 12 ரசீதுகளும் பிரின்ட் ஆகும். இதைத் தயாரித்த முன்னாள் செயலாளர் வீடு மாறி வேறு ஊருக்குப் போய் விட்டார். பைலில் ஒரு வரி விளக்கம் கூட இல்லை.

ஒரு மாதம் தண்ணீர் லாரிக்கு 2,550 ரூபாய் கொடுத்தோம். ரசீதுகளைக் கூட்டினால் 2,544 ரூபாய்தான் வந்தது. கூட்டத்தில் ஒருவர் "அந்த 6 ரூபாய் எங்கே?" என்று கேட்டார். தொகை சிறியதுதான். ஆனால் பொதுப் பணத்தில் 6 ரூபாய்க்குப் பதில் இல்லை என்றால் 6,000 ரூபாய்க்கும் சந்தேகம் வரும் அல்லவா?

ஆல்ட் கீயை அழுத்திக் கொண்டு எப்11 கீயைத் தட்டினால் பட்டனுக்குப் பின்னால் இருக்கும் மேக்ரோ திரையில் விரியும். எக்ஸெல் தொகுப்பில் விஷுவல் பேசிக் மொழியில் மேக்ரோ எழுதும் வசதி 1993ஆம் ஆண்டிலேயே வந்து விட்டது. எங்கள் பைலில் சுமார் 200 வரிகள் இருந்தன. பார்த்ததும் தலை சுற்றியது. வீட்டு எண்களையும் பெயர்களையும் நீக்கி விட்டு, மேக்ரோ வரிகளை மட்டும் காப்பி செய்து ஓர் ஏஐ சாட் புரோகிராமில் பேஸ்ட் செய்தேன். "இது என்ன செய்கிறது? ஒவ்வொரு பகுதியாக விளக்கு" என்று கேட்டேன்.

சில நொடிகளில் விளக்கம் வந்தது. நான் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாலும் அவ்வளவு புரிந்திருக்காது. லாரி செலவை 12ஆல் வகுத்து, ரவுண்ட் என்ற பங்ஷன் மூலம் முழு ரூபாய் ஆக்குகிறது, 212.50 என்பது 213 ஆகும் என்றது. அப்படியானால் 6 ரூபாய் கூடியிருக்க வேண்டுமே, எப்படிக் குறைந்தது?

அதே விண்டோவில் கன்ட்ரோல் கீயுடன் ஜி கீயை அழுத்தினால் இமீடியட் விண்டோ கிடைக்கும். அதில் ஒரு கேள்விக்குறியும் ரவுண்ட் பங்ஷனும் டைப் செய்து, அடைப்புக்குள் 212.5 கொடுத்து என்டர் தட்டினேன். விடை 212! எக்ஸெல் கட்டங்களில் உள்ள ரவுண்ட் சரிபாதி வந்தால் மேலே ஏற்றும். மேக்ரோவில் உள்ள ரவுண்ட் அருகில் உள்ள இரட்டை எண்ணுக்குப் போகும். பெயர் ஒன்று, வேலை வேறு. இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் ஏஐ தன் தவறை ஒப்புக் கொண்டது. 6 ரூபாய் கணக்கும் தீர்ந்தது.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. "முழுவதையும் சுத்தமாகத் திருத்திக் கொடு" என்றேன். அழகாகத் திருத்தித் தந்தது. பழையதுடன் ஒப்பிட்டபோது ஒரு வரி காணவில்லை. ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் 150 ரூபாய் கழிக்கும் வரி அது. தேவையற்ற மிச்சம் என்று ஏஐ நீக்கி விட்டது. முன்னாள் செயலாளருக்குப் போன் செய்தேன். "சார், கேட் விளக்குக்கு அந்த வீட்டு மீட்டரில் இருந்துதான் கனெக்ஷன் போகிறது. அதற்காகக் கழிக்கச் சொல்லிக் கூட்டத்தில் முடிவு செய்தோம்" என்றார்.

டென்மார்க்கைச் சேர்ந்த கம்ப்யூட்டர் அறிஞர் பீட்டர் நார் 1985ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில், புரோகிராம் என்பது எழுதப்பட்ட வரிகள் மட்டுமல்ல. எழுதியவர் மனதில் உள்ள புரிதலே அதன் உயிர் என்று வாதிட்டார். கேட் விளக்கு அந்த 200 வரிகளில் எங்கும் இல்லை. இல்லாததை ஏஐ எப்படிப் படிக்கும்?

எனவே என் கருத்து இதுதான். புரியாத பைல் கைக்கு வந்தால் ஏஐ உதவியைத் தாராளமாக நாடுங்கள். முதலில் பைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். பெயர், போன் எண், வங்கிக் கணக்கு எண்களை ஏஐ-க்குத் தராதீர்கள். அது சொல்லும் கணக்கை உங்களுக்கு விடை தெரிந்த ஒரு மாதத்தை வைத்துச் சோதியுங்கள். "என்ன செய்கிறது" என்பதை ஏஐ-யிடம் கேளுங்கள். "ஏன் செய்கிறது" என்பதை எழுதியவரிடம் கேளுங்கள். காரணம் தெரியாமல் எந்த வரியையும் நீக்காதீர்கள்.

மேக்ரோவில் ஒற்றை மேற்கோள் குறியுடன் தொடங்கும் வரியைக் கம்ப்யூட்டர் இயக்காது. அது மனிதர் படிப்பதற்கான குறிப்பு. 150 ரூபாய் வரிக்கு மேல் கேட் விளக்கு விஷயத்தை அப்படி எழுதி வைத்து விட்டேன். அடுத்த செயலாளர் யாருக்கும் போன் செய்ய வேண்டியிருக்காது.