வருஷத்துக்கு எத்தனை மாடல் என்று எண்ணுகிறவர்களுக்கு

மாணவச் செல்வங்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் திருவண்ணாமலையிலிருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நிதானமாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

ஜனவரி பிறந்ததும் என் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் ஒரே மாதிரியான பட்டியலைப் போட்டிருக்கிறார்கள். எல்லாரும் ஸ்கேல் மாடல் செய்கிறவர்கள். பிளாஸ்டிக் பாகங்களை வெட்டி, ஒட்டி, வர்ணம் அடித்து விமானமும் கப்பலும் டாங்கியும் செய்கிற பொழுதுபோக்கு. நல்ல பொழுதுபோக்கு. நானே அந்த நோய் பிடித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் பட்டியலின் தலைப்பைப் பாருங்கள்: "இந்த ஆண்டு இலக்கு: 12 மாடல்." ஒருவர் 15. இன்னொருவர் துணிந்து 24.

இது இலக்கே இல்லை என்பது என் கட்சி. கணக்கு வாத்தியார் எண்ணை எதிர்க்கிறாரே என்று சிரிக்காதீர்கள். எண்ணோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவன்தான் அது எங்கே பொய் சொல்லும் என்று சொல்ல முடியும்.

முதல் பாடம், வேறு வேறு இனத்தைக் கூட்டக் கூடாது. ஆறாம் வகுப்பிலேயே சொன்னேன். ஒரு வாரத்தில் முடிகிற சின்னப் போர்விமானமும் ஒன்று, ஆயிரம் துண்டுக்கு மேல் உள்ள கப்பலும் ஒன்று என்றால் அந்தக் கூட்டல் எதைக் காட்டும்? அப்படி எண்ண ஆரம்பித்த மறுநாளே கை தானாகச் சின்ன பெட்டியைத் தேடும். கப்பல் பரணில் தூங்கும்.

இந்தத் தொழிலில் அளவுகளுக்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது. ஜப்பானில் ஷிசுவோகா ஊர் டாமியா கம்பெனி 1961-ல் பான்தர் டாங்கி மாடல் கொண்டுவந்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்ததில் அது ஏறக்குறைய 1/35 ஆனது. அதுவே பிறகு உலகம் முழுக்க டாங்கி மாடல்களுக்கு வழக்கமான அளவாகிவிட்டது. ஒரு பேட்டரிக்காகப் பிறந்த எண் அது. உங்கள் 12-க்கு என்ன காரணம்? காலண்டரில் பன்னிரண்டு தாள் இருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

எண்ணை இலக்காக வைத்தால் என்ன ஆகும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் கண்ணால் பார்த்தவன் நான். "நூறு சதவீதத் தேர்ச்சி" என்ற வார்த்தை வந்தது. பாடம் போய் புளூபிரிண்ட் வந்தது. எந்த அத்தியாயத்தில் எத்தனை மார்க் என்று பார்த்து, மீதியை மூடி வைத்தோம். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டிய பள்ளிகள் எத்தனை! அதைத் தடுக்க 2017-18-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வைக்க வேண்டியிருந்தது. அதே 2017-ல்தான் முதல் இடம், இரண்டாம் இடம் என்று ரேங்க் அறிவிப்பதையும் அரசு நிறுத்தியது. அந்த எண்களால் பட்டது போதும் என்று எல்லாருக்கும் புரிந்த பிறகு, நீங்கள் ஆசைப்பட்டுத் தேடிக்கொண்ட ஒரே ஓய்வு நேரத்துக்குள் அதே எண்ணை ஏன் கூப்பிட்டு உட்கார வைக்கிறீர்கள்? உங்களை யார் இன்ஸ்பெக்‌ஷன் செய்யப் போகிறார்கள்?

ஒரு உதாரணம் சொல்கிறேன், பேர் சொல்ல மாட்டேன். ஒரு மாணவர் 1/72 அளவில் இந்திய விமானப்படையின் நேட் விமானம் செய்து படம் அனுப்பினார். இறக்கையின் முழு நீளம் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம், உள்ளங்கையில் அடங்கிவிடும். வேலை சுத்தம். "இந்த விமானத்தில் பறந்து பரம்வீர் சக்ரா வாங்கியவர் யாருப்பா?" என்று கேட்டேன். "தெரியலை சார், இது இந்த வருஷத்தில் ஏழாவது" என்றார்.

1971 டிசம்பர் 14 அன்று, ஸ்ரீநகர் விமானதளத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே ஒரு நேட் விமானத்தில் கிளம்பி, பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு தனியாகப் போராடி உயிரை விட்டவர் நிர்மல்ஜித் சிங் செகான். விமானப்படையில் அந்த விருது பெற்றவர் இதுவரை அவர் ஒருவர்தான். அந்த விமானத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் பேர் தெரியாமல் எட்டாவது பெட்டிக்குப் போவதில் என்ன ருசி? அந்தத் தம்பி அறிவில்லாதவர் இல்லை. ஏழுக்கு அடுத்து எட்டு என்ற அவசரம் அவரை நிற்க விடவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பட்டியல்களில் பாதி, செய்யும் பட்டியல் இல்லை, வாங்கும் பட்டியல். பன்னிரண்டு செய்ய வேண்டும் என்றால் பன்னிரண்டு வாங்க வேண்டும். தள்ளுபடி வந்தால் இன்னும் நாலு. வருஷக் கடைசியில் ஐந்து முடிந்திருக்கும், பரணில் இருபது சேர்ந்திருக்கும். வீட்டம்மா கேட்டால் "முதலீடு" என்று சொல்வதாகவும் கேள்வி. மருமகள்களே, இந்தப் பத்தியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காலண்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி முதல் டிசம்பர் வரை மாசத்துக்கு ஒன்று என்ற கணக்கு நம் ஊர்க் காற்றுக்குச் செல்லாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரத்தில் மேட் வார்னிஷ் அடித்துப் பாருங்கள். ஒரு மாசம் பாடுபட்ட வர்ணத்தின் மேல் வெள்ளைப் படலம் படரும். அக்கினி நட்சத்திரத்தில் ஏர்பிரஷ் எடுத்தால் அக்ரிலிக் வர்ணம் மாடலில் படுவதற்கு முன் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். மழையில் வெட்டுவது, தேய்ப்பது, ஒட்டுவது. தையிலிருந்து பங்குனி வரை வர்ணம். வெயில் கொளுத்தும்போது படிப்பது, படம் சேகரிப்பது. இதுதான் நமக்கான ஆண்டுத் திட்டம். பனி கொட்டும் ஊர்க்காரன் வீட்டுக்குள் அடைபட்டு உட்கார்ந்து போட்ட திட்டத்தை நாம் ஏன் காப்பி அடிக்க வேண்டும்?

"அப்படியென்றால் இலக்கே வேண்டாமா சார்? இலக்கு இல்லாவிட்டால் ஒன்றுகூட முடியாதே" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். எதுவும் வேண்டாம் என்று விட்டால் பாதி ஒட்டிய விமானம் பல்லி முட்டைக்குத்தான் உதவும். இலக்கு வேண்டும். அது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வெளியூர் போக வேண்டாம், நம் வீட்டுக் கொலுவைப் பாருங்கள்.

நவராத்திரி என்று ஒரு தேதி. அதற்குள் படி கட்டியாக வேண்டும். வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது சேர்க்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் பழைய பொம்மைகளையும் துணியிலிருந்து பிரித்து, துடைத்து, உடைந்ததை ஒட்டி, மரப்பாச்சிக்குப் புதுச் சட்டை போட்டு ஏற்றுகிறோம். பக்கத்தில் பிள்ளைகள் மண் கொட்டி, கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டுப் பார்க் கட்டுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதில் மலை இல்லாமல் பார்க் கிடையாது. இதைத்தான் நீங்கள் டயோரமா என்று பேர் வைத்துக் கிட்டாக வாங்குகிறீர்கள். கொலுவுக்கு வருகிற எந்தப் பாட்டியாவது "இந்த வருஷம் எத்தனை பொம்மை?" என்று கேட்டிருக்கிறாளா? எது புதுசு என்று கேட்பாள், அதன் கதையைக் கேட்பாள், சுண்டல் வாங்கிக்கொண்டு போவாள்.

தேரையும் பாருங்கள். தீபத் திருவிழா ஏழாம் நாள் மாடவீதியில் பெரிய தேர் வரும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கூடவே ஓடுவார்கள். நிறுத்துவதும் அந்தக் கட்டைதான், திருப்புவதும் அந்தக் கட்டைதான். அவர்கள் கண் சக்கரத்திலேயே இருக்கும். எத்தனை கட்டை போட்டோம் என்று யாரும் எண்ணுவதில்லை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. ஆண்டு இலக்கும் அந்தக் கட்டை மாதிரி இருக்கட்டும்.

ஆகவே என் யோசனை நாலு. ஒன்று, கைக்குப் புதிதாக ஒரு வித்தை: இந்த வருஷம் மாஸ்கிங், அடுத்த வருஷம் டெக்கால் சுருங்காமல் ஒட்டுவது. இரண்டு, ஒரு மாடல் முடியாமல் அடுத்த பெட்டி வாங்குவதில்லை. மூன்று, செய்கிற பொருளின் கதையை ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிடுவது. நாலு, வீட்டில் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு இறக்கையையாவது அதன் கையால் ஒட்ட வைப்பது. கோணலாகத்தான் ஒட்டும். பரவாயில்லை.

உபதேசம் செய்கிறவன் தன் பட்டியலையும் காட்ட வேண்டும் அல்லவா? நம் ராஜகோபுரத்தை அட்டையிலும் மரத்திலும் 1/100 அளவில் செய்கிறேன். 217 அடி உயரம், பதினொரு நிலை. என் மேசையில் அது 66 சென்டிமீட்டர். கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கி, தஞ்சை செவ்வப்ப நாயக்கர் காலத்தில் முடிந்த கோபுரம். ராஜாக்களே ஒரு ஆயுளில் முடிக்காத வேலைக்கு நான் டிசம்பர் 31 என்று கெடு வைத்தால் சிரிப்பார்கள். இந்த வருஷத்துக்கு என் இலக்கு கீழ் நிலை ஒன்றுதான். அதன் கதவு திறந்து மூட வேண்டும். பேத்தி அதற்குத் தாழ்ப்பாள் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

24 என்று போட்ட தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை: முதல் ஒன்றை முடித்துவிட்டு, அதன் கதையோடு படம் அனுப்பு. மீதி 23 பற்றி அப்புறம் பேசலாம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். வகுப்பில் பேசாதவர்களும் இங்கே பேசலாம். எல்லாரும் நல்லா இருங்க.