மூடணுமா... திறக்கணுமா?

தாத்தா வீட்டுப் பரணிலிருந்தோ, கடையை மூடுற ஒரு மைக் செட்காரர்கிட்டேயிருந்தோ ஒரு கட்டு எல்.பி. ரெக்கார்டு உங்க கைக்கு வந்துடுச்சுன்னு வெச்சுக்கோங்க. காசு சேர்த்து ஒரு டர்ன்டேபிளும் வாங்கியாச்சு. அதோட தலையில பளபளன்னு, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் மூடி. இப்போ கேள்வி... ரெக்கார்டு சுத்தும்போது அந்த மூடியை மூடணுமா, திறந்து வைக்கணுமா?

‘இதெல்லாம் ஒரு டவுட்டா பாஸ்?’னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. ரெக்கார்டு பைத்தியங்கள் ரெண்டு கோஷ்டியா நின்னு இதுக்காகவே சண்டை போடுறாங்க. ‘மூடினா சவுண்டு கெட்டுடும், கழட்டி ஓரமா வை’ங்கிறது ஒரு கோஷ்டி. ‘திறந்தா தூசி விழும், மூடு’ங்கிறது இன்னொண்ணு. வேடிக்கை என்னன்னா, ரெண்டுமே உண்மை. ஆனா இந்த அட்வைஸ்ல நிறைய, ஜன்னலைச் சாத்திக்கிட்டு உட்கார்ற குளிர் தேசங்களிலிருந்து வருது. நம்ம சேலம், நாமக்கல் கதையே வேற.

நம்ம ஊர்த் தூசியை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம்னா விசைத்தறியிலிருந்து பறக்கிற பஞ்சு. திருச்செங்கோடு போர் வண்டிகளோட ஊர். தெருவுல ஒரு வீட்டுக்கு போர் போட்டா அந்தத் தெருவே பவுடர் பூசிக்கிட்டு நிக்கும். நாமக்கல்லுன்னா கோழிப்பண்ணையும் லாரி பாடி பட்டறையும். சேலத்துல மேக்னசைட் வெட்டின வெள்ளைக் கரடு, சங்ககிரியில சிமென்ட். மே மாச வெயில்ல ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்திட்டுப் பாட்டுக் கேக்கச் சொல்றீங்களா? ஆளை விடுங்க!

எல்லாத் தூசியும் ஒண்ணுன்னு நினைச்சுடாதீங்க. பஞ்சு சாது. அது ரெக்கார்டைக் கீறாது. ஊசி நுனியில போய்ச் சுத்திக்கும். நாலு பாட்டு ஓடினா ஊசிக்குத் தாடி முளைச்சிடும். பாடகரோட குரல் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி அடைச்சுக்கும். சில சமயம் ஊசி பள்ளத்தை விட்டு எழும்பி வழுக்கும். சின்ன பிரஷ்ஷால பின்னாலிருந்து முன்பக்கமா மெதுவா ஒரு இழுப்பு, சரியாப் போச்சு.

போர் தூசி அப்படியில்லை. நம்ம மண்ணுக்கு அடியில இருக்கிறது கெட்டிப் பாறை. அதோட பொடியில குவார்ட்ஸ் இருக்கும். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7 மார்க், ஊசி நுனியில் இருக்கும் வைரத்துக்கு 10. இந்த ரெண்டு முரடனுங்களுக்கு நடுவுல மாட்டுற ரெக்கார்டு வெறும் பி.வி.சி. பிளாஸ்டிக்.

எல்.பி.யோட பள்ளம் சுமார் 0.05 மில்லிமீட்டர் அகலம்தான். அதுக்குள்ள ஊசி ரெண்டு கிராம் பாரத்தோட உட்காருது. ரெண்டு கிராம்தானேன்னு சிரிக்காதீங்க. நுனி தொடுற இடம் அவ்வளவு சின்னது. அங்கே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு டன் கணக்கில் போகிறது. நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, ஒரு பக்கம் 20 நிமிஷம், சராசரி ஆரம் 10 சென்டிமீட்டர்னு கணக்குப் போட்டா, ஊசி ஓடுற தூரம் 400 மீட்டருக்கு மேல. அதாவது கிரவுண்டுல முழுசா ஒரு ரவுண்டு! அந்த வழியில ஒரு கல் துகள் கிடந்து, ஊசி அதை அழுத்திட்டுப் போனா பள்ளத்தோட சுவத்துல குழி விழுந்துடும். அப்புறம் எத்தனை தடவை கழுவினாலும் அதே இடத்துல அதே ‘டொக்’.

போதாக்குறைக்கு, ரெக்கார்டை உறையிலிருந்து உருவும்போதே அதுல ஸ்டாட்டிக் சார்ஜ் ஏறிடும். ஸ்கூல்ல ஸ்கேலைத் தலையில தேய்ச்சு பேப்பர் துண்டை இழுத்தோமே, அதேதான். தூசி தானா விழறது பாதி, ரெக்கார்டே கூப்பிட்டு உட்கார வைக்கிறது மீதி.

சரி, மூடிடலாமா? எதிர்க்கோஷ்டி சொல்றதையும் கேட்டுடுங்க. கல்யாண மண்டபத்துல மைக்கை ஸ்பீக்கர் முன்னாடி கொண்டுபோனா ‘கூ...ய்ய்’னு கத்துமே, எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டு மைக் செட்காரரை முறைப்போமே... அந்த ஃபீட்பேக்தான் இங்கேயும் வில்லன். டர்ன்டேபிள் ஊசியும் ஒரு வகை மைக்தான். அதிர்வைக் கரன்ட்டா மாத்த வழி பண்றது அதோட வேலை. அதிர்வு பாட்டிலிருந்து வந்ததா, மேஜையிலிருந்து வந்ததான்னு அதுக்குத் தெரியாது. ஸ்பீக்கர்ல பாஸ் எழும்பும்போது (அந்த பாஸ் இல்லை, பாஸ்!) மெல்லிசான அந்த அகல மூடி பறைத்தோல் மாதிரி அதிரும். கீல் வழியா அந்த அதிர்வு டர்ன்டேபிளுக்கு, அங்கிருந்து ஊசிக்கு, மறுபடி ஸ்பீக்கருக்கு. காது கிழியக் கத்தணும்னு இல்லை. பாஸ் மட்டும் சேறாக் குழம்பினாலும் இந்த ரவுண்டு ட்ரிப் மேல சந்தேகப்படலாம்.

உங்க வீட்டுல இது நடக்குதான்னு பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். டர்ன்டேபிளைச் சுத்த விடாம, ‘போனா போகுது’ங்கிற ஒரு ரெக்கார்டு மேல ஊசியை இறக்குங்க. வழக்கமா கேக்கிற வால்யூம். மூடியை மூடி, விரல் நுனியால மெதுவா ஒரு தட்டு. ஸ்பீக்கர்ல ‘தொம்’னு கேக்குதா? இப்போ மூடியைக் கழட்டிட்டு மேஜையைத் தட்டுங்க. அதே ‘தொம்’ வந்தா குற்றவாளி மூடி மட்டும் இல்லை. ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே மேஜையில உட்கார்ந்திருக்குமே, சரியா? முதல்ல ஸ்பீக்கரை இறக்குங்க. பக்கத்துல தறி ஓடுதுன்னா அந்த ஆட்டம் தரை வழியா வரும். அதுக்கு மூடியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. தறி இல்லாத பக்கத்துச் சுவத்துல பதிச்ச கடப்பா கல் ஷெல்ஃப் இருந்தா அதுல ஏத்திப் பாருங்க.

என் கட்சி எதுன்னு கேட்டா, நம்ம ஊர்ல மூடிதான். சாதாரண வால்யூம்ல மூடி பண்ற சேட்டை பெரும்பாலும் காதுக்கே தெரியாது. கல் துகள் போட்ட குழி எல்லா வால்யூம்லயும் தெரியும். சுமார் சவுண்டை நாளைக்கு சரி பண்ணிக்கலாம், குழியை யார் வந்து நிரப்புறது? ஃப்ரெண்ட்ஸ் வந்து ஃபுல் வால்யூம் வைக்கிற நாள்ல மட்டும் மூடியைக் கீலிலிருந்து முழுசா உருவிடுங்க. பாதி திறந்து நிக்க வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். தூசியையும் தடுக்காது, பாய்மரம் மாதிரி நின்னு சவுண்டையும் வாங்கிக்கும்.

சூட்கேஸ் மாதிரி அழகா இருக்கேன்னு குட்டி பிளேயர் வாங்குறவங்க கொஞ்சம் உஷார். அதுல பலதுல 12 அங்குல ரெக்கார்டு வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும், மூடவே முடியாது. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள்ள. ரெண்டு கோஷ்டியோட பயமும் ஒரே பெட்டியில ஃப்ரீ!

இந்தச் சண்டை புதுசும் இல்லை. 1906-ல் அமெரிக்காவில் விக்ட்ரோலான்னு ஒரு கிராமஃபோன் வந்தது. குழாயைப் பெட்டிக்குள் மறைத்து, மேலே மூடி போட்டிருந்தார்கள். அதுல பாட்டு ஓடும்போது மூடியை மூடிடுவாங்க, ஊசி உராயற சத்தம் வெளியே வராம இருக்க! அப்போ இருந்தது 78 ரெக்கார்டு. நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த ‘மந்திரி குமாரி’ பாட்டெல்லாம் அந்த ரகத்துலதான் வந்தது. அரக்கோட கல் பொடியையும் கலந்தே அதை அச்சடிச்சாங்க. இரும்பு ஊசி அதுல தேய்ஞ்சு, பள்ளத்துக்கு ஏத்த மாதிரி ஆயிடும்; அப்புறம் தூக்கிப் போட்டுட்டுப் புது ஊசி. எல்.பி. அப்படி வளர்ந்த பிள்ளை இல்லை. (78 கிடைச்சா எல்.பி. ஊசியை அதுல வைக்காதீங்க, அதோட பள்ளமும் வேற, ஊசியும் வேற.)

மாரியம்மன் பண்டிகைக்கு ஓலைப்பந்தல்ல ரெக்கார்டு போட்ட மைக் செட்காரங்க மூடியைப் பத்தி யோசிச்சிருக்க மாட்டாங்க. மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெக்கார்டு மாத்தணும், எங்கே மூடி எங்கே திறக்கிறது? அந்தப் புழுதியெல்லாம் இப்போ உங்க கைக்கு வந்த கட்டுல இருக்கு. மூடி இனிமே வர்ற தூசியைத்தான் தடுக்கும். அதனால ரெக்கார்டு சுத்த ஆரம்பிச்சதும் கார்பன் ஃபைபர் பிரஷ்ஷை லேசா வெச்சு ரெண்டு சுத்து விட்டு எடுங்க. அப்புறம் ஊசி, அப்புறம் மூடி. மூடியைக் கையில பிடிச்சு மெதுவா இறக்குங்க; ‘டப்’புனு விட்டா ஊசி எகிறும்.

மூடியையும் காய்ஞ்ச துணியால அழுத்தித் தேய்க்காதீங்க. அதுவும் பிளாஸ்டிக்தான், அதுலேயும் சார்ஜ் ஏறி தூசியை இழுக்கும். லேசா ஈரம் பண்ணின பருத்தித் துணி போதும், கீறலும் விழாது. துடைச்சு, நல்லாக் காஞ்சதுக்கு அப்புறமா ரெக்கார்டை உறையிலிருந்து எடுங்க.